மறுக்கும் பொறி கரணியம் கூறுக!

ஒருவர் கேட்டதை மறுக்க நேர்வது இயல்பு. கரணியம் கூறாமல் மறுப்பது பண்பாகாது. வாயிலுக்கு வந்தவரை வெறுங்கையோடு திருப்ப நேர்ந்தாலும், "இங்கு இல்லை, இன்ன இடத்தில் கேட்டுப் பாருங்கள்" என்று ஒரு சொல் சொல்லி அனுப்புவதே தமிழ்ச் சிற்றூர்களின் பழக்கம். இந்த எளிய ஒழுங்கைக் கணினி நிரல்கள் இன்றளவும் செம்மையாகக் கற்றுக்கொள்ளவில்லை. அவற்றுள்ளும், படங்களைத் தொட்டு இயக்கும் வாய்ப்பின்றி, எழுத்தால் ஆணை பெற்று எழுத்தாலேயே விடை தரும் கட்டளைவரி நிரல்கள் இவ்வகையில் மிகப் பின்தங்கி நிற்கின்றன. அவை தரும் உதவிச் செய்தியும் பிழைச் செய்தியும் எவ்வாறு அமைய வேண்டும் என்பது, நிரலர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு செய்தியாகச் சிலர்க்குத் தோன்றலாம். உண்மையில் அது தாய்மொழிக் கல்வியின் உயிர்நிலையைத் தொடும் செய்தி என்க.

பாடநூலும் கருந்திரையும்

தென்காசி மாவட்டத்தின் வடபால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த பேரூர் இராயகிரி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில். அதே ஆண்டில் தமிழ்நாட்டரசு பன்னிரண்டாம் வகுப்பிற்குப் புதிய கணினி அறிவியல் பாடநூலை வெளியிட்டது. ஆங்கில வழியினர்க்கு ஆங்கிலத்திலும் தமிழ் வழியினர்க்குத் தமிழிலும் அந்நூல் கிடைத்தது. பைத்தான் என்னும் நிரல்மொழி அதன்வழி சிற்றூர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. சி++ மொழியில் எழுதிய நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடமும் அதில் இடம்பெற்றது. நிரலின் பெயரை எழுதி, சிறுகோட்டை அடுத்து 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டு, அதன்பின் கோப்பின் பெயரைத் தரவேண்டும் என்று அப்பாடம் கற்பித்தது. கட்டளைவரியில் தெரிவு தந்து நிரலை இயக்கும் முறை, இவ்வாறு தமிழ்வழி மாணவரின் பாடமாயிற்று. இது போற்றத்தக்க முன்னேற்றமே.

இனி, இராயகிரியிலோ அதனைச் சூழ்ந்த ஊர்களிலோ தமிழ் வழியில் பயிலும் மாணவி ஒருத்தியைக் கருதுக. பாடநூல் அவளுக்குத் 'தொடரியல் பிழை' என்று கற்றுக்கொடுத்துள்ளது. பொருளும் விளங்கியுள்ளது. கணினியின் முன் அமர்கிறாள். நூலில் உள்ளவாறே எழுதுகிறாள். ஓர் அடைப்புக்குறியை மூட மறக்கிறாள். கருந்திரையில் தோன்றுவது 'தொடரியல் பிழை' அன்று. 'சின்டாக்சு எரர்' என்னும் ஆங்கில எழுத்துகளே. பாடம் ஒரு மொழியிலும் பொறி வேறொரு மொழியிலும் பேசுகின்றன. இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று அவளுக்குச் சொல்வார் யார்?

அவளுக்கு அடுத்த இடையூறு இன்னும் பெரிது. சி++ நிரல்பெயர்ப்பியைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். அஃது இருக்கும் அடைவு விண்டோசு இயங்குதளத்தின் தேடுவழிப் பட்டியலில் சேர்க்கப்படாமல் இருப்பின், ஓர் ஆங்கிலத் தொடர் திரையில் விழும். 'இஃது உள்ளகக் கட்டளையாகவோ வெளிக்கட்டளையாகவோ, இயங்கத்தக்க நிரலாகவோ, தொகுதிக் கோப்பாகவோ அறியப்படவில்லை' என்பது அதன் பொருள். ஆங்கிலம் அறியாத மாணவிக்கு இத்தொடர் சுவர். ஆங்கிலம் நன்கறிந்த மாணவனுக்கு மட்டும் இது கதவாகுமா? அவனுக்கும் அன்று! எது உள்ளகம், எது வெளி? அவன் செய்த தவறு யாது? இனிச் செய்ய வேண்டுவது யாது? ஒன்றும் அத்தொடரில் இல்லை.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே தொடர்தான். நிரலே கணினியில் நிறுவப்படாமல் இருந்தாலும் இதே தொடர்தான். நிறுவியபின் தேடுவழிப் பட்டியலில் சேர்க்க மறந்தாலும் இதே தொடர்தான். நோய்கள் மூன்று, மருத்துவர் தரும் சீட்டு ஒன்று. அதிலும் மருந்தின் பெயர் இல்லை.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. குறை இரண்டு, ஒன்றன்று. பொறி அயல்மொழியில் பேசுவது ஒரு குறை; அம்மொழியிலும் அது செவ்வையாகப் பேசாதது மற்றொரு குறை. முதற்குறையை மட்டும் நீக்கி, மேற்கண்ட தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வைத்தால் விளைவதென்ன? புரியாத ஆங்கிலத்தின் இடத்தில் புரியாத தமிழ் வந்து அமரும். அதனைக் கண்டவர், "தமிழில் இருந்தால் இன்னும் குழப்பம்" என்று சொல்லித் தமிழின்மேல் பழிபோடுவர். மொழிபெயர்ப்பாளர் செய்த தொண்டே தமிழுக்குத் தீங்காய் முடியும். ஆகலின் தமிழ்ப் பிழைச்செய்தி வேண்டுவோர், முதலில் நல்ல பிழைச்செய்தி எது என்பதை அறிந்தாக வேண்டும்.

சுருக்கம் பிறந்த கதை

இக்கருந்திரையின் கடுஞ்சுருக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், தென்னிசு இரிச்சி முதலியோர் யூனிக்சு இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அந்நாளில் திரை அரிது. தொலை எழுதுபொறி தாளில் எழுத்தெழுத்தாக அடித்துத் தள்ளும்; நொடிக்குப் பத்து எழுத்துகளே அதன் விரைவு. நீண்ட சொற்றொடரை அடித்து முடிக்கும்வரை காத்திருக்க எவர்க்கும் பொறுமை இராது. அன்றியும், நிரலை எழுதியவரும் பயன்படுத்தியவரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்த சிலரே. ஐயம் தோன்றினால் அடுத்த இருக்கையில் கேட்டுக்கொள்ளலாம்.

அச்சூழலில் பிறந்த 'எட்' என்னும் எழுத்துத் திருத்தி, எத்தகைய பிழை நேர்ந்தாலும் ஒரேயொரு வினாக்குறியை மட்டும் இட்டு அமைந்தது. கோப்பு இல்லையா? வினாக்குறி. கட்டளை பிழையா? வினாக்குறி. கேட்க வந்தவனையே பொறி திருப்பிக் கேட்கும் விந்தை அது! இன்னொரு யூனிக்சுப் பிழைச்செய்தி, 'தட்டச்சுப் பொறி அன்று' என்பது. முனையத்திற்கே உரிய ஒரு செயலை முனையம் அல்லாத ஒன்றின்மேல் நிகழ்த்தினால் எழவேண்டிய பிழை அது. நிரல்கள் அதனைப் பொருந்தாத இடங்களிலும் வெளிப்படுத்தின. ஆகவே தட்டச்சுப் பொறிக்கு எவ்வகைத் தொடர்பும் இல்லாத வேலையைச் செய்தவரும் அச்செய்தியைக் கண்டு திகைத்தனர்.

எனினும் அம்முன்னோடிகளிடம் கற்கவேண்டிய நற்பண்புகளும் உள. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்சுக் கையேட்டின் முதற்பதிப்பிலேயே ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம் என்னும் ஒழுங்கு அமைந்திருந்தது. அவற்றோடு, அக்கட்டளையில் உள்ள குறைகளைத் தாமே எடுத்துரைக்கும் தலைப்பும் இருந்தது. தம் படைப்பின் குறையைத் தாமே அச்சிட்டு வைத்தவர்கள் அவர்கள். மேலும், நிரலின் விளைவு ஒரு வழியாகவும் பிழைச்செய்தி மற்றொரு வழியாகவும் செல்லும் முறையை 1970களிலேயே யூனிக்சு வகுத்தது. விளைவைக் கோப்பில் சேர்த்தாலும் பிழைச்செய்தி திரைக்கு வந்து கண்ணிற்படும். நெல்லோடு கல் கலவாது. வேலை முடிந்தால் சுழி, முடியாவிட்டால் வேறோர் எண் என்று முடிவைக் குறிக்கும் வழக்கமும் அத்தளத்ததே.

தொலை எழுதுபொறி மறைந்தது. ஒரே கூடத்தில் அமர்ந்த சிலர் என்னும் நிலையும் மறைந்தது. இன்று கணினியைத் தொடுவோர் கோடிக்கணக்கினர். சுருக்கத்தைத் தோற்றுவித்த கரணியங்கள் அனைத்தும் போய்விட்டன. சுருக்கம் மட்டும் போகவில்லை. பழக்கம் என்பது கரணியம் இறந்த பின்னும் உலவும் நிழல்.

நல்ல செய்திக்கு உறுப்பு மூன்று

நல்ல பிழைச்செய்தி மூன்று வினாக்களுக்கு விடை தரவேண்டும்: என்ன நேர்ந்தது? எங்கு நேர்ந்தது? இனி என்ன செய்வது? இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் அது முழுச்செய்தி ஆகாது.

மாணவர் ஒருவர் தம் ஊரின் மழையளவைக் கூட்டிப்பார்க்க 'மழைக்கணக்கு' என்றொரு சிறு நிரல் எழுதுவதாகக் கொள்க. திங்களின் எண்ணைக் கேட்கும் இடத்தில் ஒருவர் 13 என்று தந்துவிடுகிறார். 'செல்லாத உள்ளீடு' என்று சொல்லி நின்றுவிடுவது நிரலர்களின் வழக்கம். அதனினும் நூறு மடங்கு பயன்தருவது இது:

"திங்கள் 13 எனத் தரப்பட்டுள்ளது. 1 முதல் 12 வரையுள்ள ஓர் எண்ணைத் தருக."

பெற்றது யாது, எதிர்பார்த்தது யாது, செய்யவேண்டுவது யாது என்பன எல்லாம் இரண்டே தொடர்களில் அடங்கிவிட்டன. நீளமும் பெரிதில்லை; பழியும் இல்லை. பயனரைக் குற்றக்கூண்டில் ஏற்றாமல் வழிகாட்டி விடுகிறது.

உதவிச்செய்திக்கும் ஒழுங்கு உண்டு. உதவி கேட்பவர் பிழை செய்தவர் அல்லர். ஆகலின் கேட்டுப்பெறும் உதவி, பிழைவழியில் செல்லாது விளைவு செல்லும் வழியிலேயே செல்லவேண்டும். நிரலும் சுழியோடு முடியவேண்டும். 1983ஆம் ஆண்டு இரிச்சர்டு சுடால்மன் அறிவித்த குனூ திட்டம் தன் நிரலர்க்கு வகுத்த நெறிகளுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு நிரலும் இருசிறுகோட்டோடு 'உதவி' என்று கேட்டால் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பது அந்நெறி. மாறாக, ஓரெழுத்துப் பிழை செய்தவரின் தலையில் எண்பது வரி உதவிச்செய்தியைக் கொட்டுவது முறையன்று. பிழை என்னவென்ற ஒரு வரி அவ்வெள்ளத்தில் மூழ்கி மறையும். வழி கேட்டவனுக்கு ஊர் வரலாற்றை ஒப்பிக்கும் செயல் அது.

உதவிச்செய்தி எவ்வாறு தொடங்கவேண்டும்? இவ்வாறு:

"மழைக்கணக்கு: நாள்தோறும் பதிந்த மழையளவைக் கூட்டித் தரும்.
எழுதும் முறை: மழைக்கணக்கு --கோப்பு பெயர் --திங்கள் எண்
எடுத்துக்காட்டு: மழைக்கணக்கு --கோப்பு இராயகிரி --திங்கள் 11"

முதல்வரி பயனைச் சொல்கிறது. இரண்டாம் வரி வடிவத்தைச் சொல்கிறது. மூன்றாம் வரி அப்படியே எடுத்து எழுதத்தக்க எடுத்துக்காட்டைத் தருகிறது. பெரும்பாலான உதவிச்செய்திகளில் விடுபட்டுப் போவது இம்மூன்றாம் வரியே. கற்பவர் முதலில் தேடுவதும் அதையே.

இவையெல்லாம் வெறுங்கனவா? அல்ல. பொறிக்கு நற்பண்பு கற்பிக்க இயலும் என்பதை அண்மைக்கால நிரல்மொழிகள் மெய்ப்பித்துள்ளன. 2015ஆம் ஆண்டில் எல்ம் என்னும் மொழியினர், மாந்தர்க்கு விளங்கும் பிழைச்செய்தி என்பதையே தம் குறிக்கோளாக்கினர். இரசுட்டு மொழியின் நிரல்பெயர்ப்பி, பிழை நேர்ந்த இடத்தைக் கோடிட்டுக் காட்டி, பிழைக்கு ஓர் எண்ணும் தந்து, அவ்வெண்ணைச் சொன்னால் விரிவான விளக்கமும் தருகிறது. கிட் என்னும் நிரல், தவறாக எழுதிய கட்டளைக்கு மிக நெருங்கிய சொல்லை எடுத்துக் காட்டுகிறது. நம் மாணவி பயிலும் பைத்தான் மொழியே, 2021இல் வந்த 3.10ஆம் பதிப்பிலிருந்து, 'இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை' என்று உரிய இடத்தையே சுட்டுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைச் சுட்டிப் பொதுப்பட 'தொடரியல் பிழை' என்றதோடு அமைந்தன. பிழையொன்றும் இல்லாத வரியை உற்று உற்று நோக்கி வீணான பொழுது எவ்வளவு! மனம் வைத்தால் பொறியைத் திருத்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆயினும் இத்திருத்தங்கள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன.

தமிழ் இலக்கணம் தரும் கொடை

இனித் தமிழுக்கு வருவோம் எனில், தமிழில் பிழைச்செய்தி எழுதுவது கடினம் என்று சிலர் சொல்வது முதலில் எதிர்ப்படும். அவர்கள் காட்டும் சான்று வேற்றுமை உருபு. 'கோப்பைத் திறக்க இயலவில்லை' என்னும் இடத்தில் கோப்பின் பெயரை நிரல் இயங்கும்போதுதான் இட்டு நிரப்பவேண்டும். பெயர் ஆங்கில எழுத்திலும் இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம். அதனோடு 'ஐ' உருபை எவ்வாறு ஒட்டுவது? உடம்படுமெய் யகரமா வகரமா? ஒற்று மிகுமா மிகாதா? இவற்றைப் பொறி எவ்வாறு அறியும்?

இச்சிக்கலுக்குத் தீர்வு தமிழிலேயே உள்ளது. 'என்னும்' என்பது அது. "மழை2024 என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை" என்று எழுதினால், எப்பெயர் வரினும் தொடர் சிதையாது. உருபு 'கோப்பு' என்னும் தமிழ்ச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்; பெயர் தனித்து நிற்கும். எச்சொல்லையும் மேற்கோளாக ஏற்று அணைத்துக்கொள்ளும் ஆற்றல் 'என்' என்னும் வினையடியில் பிறந்த சொற்களுக்கு உண்டு.

தமிழின் நுண்மை இத்தோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தின் எதிர்மறைச் சொல் ஒன்றே பல வேலை செய்யும். தமிழில் 'இல்லை' வேறு, 'அன்று' வேறு. 'அப்பெயரில் கோப்பு இல்லை' என்பது ஒரு நிலை. 'அது கோப்பு அன்று, அடைவு' என்பது மற்றொரு நிலை. இவ்விரண்டும் யூனிக்சில் வெவ்வேறு பிழைகளே. அதுபோலவே 'இயலாது' வேறு, 'கூடாது' வேறு. வட்டில் இடமில்லாமையால் எழுத முடியாதது 'இயலாது'. இசைவு இல்லாமையால் எழுதலாகாதது 'கூடாது'. ஆங்கிலச் செய்தியில் இரண்டும் ஒரே சொல்லின்கீழ் வரக்கூடும். தமிழில் எழுதுவோர் வேறுபடுத்தி எழுதினால், செய்தியின் முதற்சொல்லிலேயே பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

எப்படி விளிப்பது என்னும் ஐயமும் உண்டு. 'கொடு' என்றால் மதிப்புக் குறையும். 'கொடுங்கள்' என்றால் நீளும். 'கொடுக்கப்பட வேண்டும்' என்றால் ஆங்கிலத்தின் செயப்பாட்டு நெடி வீசும். மாந்தர் பொறிக்கு இடும் ஆணை 'திற', 'சேமி', 'நீக்கு' என ஏவலாக இருப்பது பொருந்தும். பொறி மாந்தரை நோக்கிப் பேசும்போது 'தருக', 'காண்க', 'நீக்குக' என வியங்கோளாக இருப்பதே தகும். பால், எண், இடம் கடந்த அவ்வினைமுற்று மதிப்பும் காக்கும், சுருக்கமும் காக்கும். இத்தகைய வடிவம் கைவசம் இருக்கக் கடன் வாங்குவது ஏன்?

இவற்றுக்கு நிரலர் செய்யவேண்டிய உதவி ஒன்றுண்டு. சொற்றொடரைத் துண்டு துண்டாக நறுக்கி, நிரலின் பல இடங்களில் ஒட்டி எழுதுதல் கூடாது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று ஆங்கிலம் செல்லும். தமிழில் பயனிலையே இறுதியில் நிற்கும். நறுக்கிய துண்டுகளைத் தனித்தனியே தமிழாக்கினால் தலை கால் மாறிய உருவமே எஞ்சும். செய்தி முழுத்தொடராக ஓரிடத்தில் இருக்கவேண்டும். இட்டு நிரப்பும் இடங்களுக்கு எண் குறித்து, மொழிபெயர்ப்பவர் முன்பின் மாற்றிக்கொள்ள வழி வைக்கவேண்டும். 'கெட்டெக்சுட்டு' என்னும் கருவி செய்திகளை நிரலினின்று பிரித்து மொழிதோறும் தனிக்கோப்பில் வைக்கும் முறையை 1990களிலேயே தந்துள்ளது. பைத்தானில் கட்டளைவரித் தெரிவுகளை ஆளும் 'ஆர்க்பார்சு' என்னும் கூறு, உதவிச்செய்தியைத் தானே அமைத்துத் தருவதோடு, தன் செய்திகளை இவ்வழியில் பெயர்த்துக்கொள்ளவும் இடந்தருகிறது. கருவி இல்லை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

எதிர்வாதங்களும் விடைகளும்

"வேலைக்கு ஆங்கிலந்தானே வேண்டும், மாணவர் பிழைச்செய்தியையும் ஆங்கிலத்திலேயே படித்துப் பழகட்டும்" என்பர். வேலைக்குப் போகும்போது படிக்கட்டும், தடையில்லை. நிரலாக்கத்தின் முதற்படியில் நிற்பவளுக்குக் கற்கவேண்டியது சிந்தனை முறை. அதனோடு அயல்மொழிச் சுமையையும் ஏற்றினால், இரண்டில் எது தன்னைத் தடுத்தது என்றே அவளுக்குத் தெரியாது. தன் அறிவிலேதான் குறை என்று எண்ணி அவள் விலகுவாள். பொறியின் தீய ஒழுக்கத்திற்கு அவள் தன்னைத் தண்டித்துக்கொள்கிறாள். இழப்பு அவளுக்கு மட்டுமன்று. தமிழ் நிலம் ஒரு நிரலரை இழக்கிறது.

"தமிழ்ப் பிழைச்செய்தியை வைத்து இணையத்தில் விடை தேட இயலாது" என்பது அடுத்த வாதம். இது வலுவான வாதம், இதனைத் தள்ளிவிடலாகாது. ஆங்கிலச் செய்தியை அப்படியே தேடினால் ஆயிரம் விளக்கம் கிடைக்கும்; தமிழ்ச்செய்திக்கு இன்று அது குறைவு. தீர்வு எளிது: ஒவ்வொரு பிழைக்கும் எண் தருக. எண்ணுக்கு மொழியில்லை. இரசுட்டு மொழி செய்தது அதுவே. யூனிக்சு வழியில் கட்டளை கிடைக்கவில்லை என்றால் நிரலோடு 127 என்னும் எண்ணைத் தருவதும் அத்தகையதே. மொழியைக் குறிக்கும் சூழல்மாறியை ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் மாற்றி ஆங்கிலச்செய்தியைப் பார்த்துக்கொள்ளவும் லினக்சில் வழியுண்டு. தமிழைத் துறக்க இது கரணியம் ஆகாது.

"கருந்திரையில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதே" என்பது மூன்றாவது. உண்மை. கட்டம் கட்டமாக, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஆங்கிலத்திற்கு அளந்து தைத்த சட்டை அது. 'கொ' போன்ற எழுத்தில் உயிர்க்குறி இருபுறமும் நிற்கிறது. 'ணை' அகன்று நிற்கிறது. லினக்சின் அடிப்படை எழுத்துத்திரை 512 வடிவங்களுக்கு மேல் ஏற்பதில்லை. எழுத்துகளை இணைத்து வடிப்பதும் இல்லை. சாளரத்தினுள் இயங்கும் முனையங்கள் சில இதனினும் மேம்பட்டவை. 1991 முதல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுள்ளது. 2010இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எழுத்துக்கு எண் கிடைத்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும் திரையில் அது செவ்வையாக நிற்கவில்லை எனில், குறை தமிழில் இல்லை. கேட்டுப்பெறாத தமிழரிடம் உள்ளது. கேளாத பிள்ளைக்குத் தாயும் பால் தராள் என்பர். அயல்நாட்டு நிறுவனங்கள் தருமா?

தமிழன்பர்க்கு ஒரு சொல்

இங்கே தனித்தமிழ் அன்பர்களும் தம்மைச் சற்றே நோக்கிக்கொள்ள வேண்டும். கலைச்சொல் ஆக்குவதில் காட்டும் ஊக்கம், ஆக்கிய சொல்லை நிலைநிறுத்துவதில் காணப்படுவதில்லை. ஒருவர் 'அடைவு' என்கிறார். மற்றவர் 'கோப்புறை' என்கிறார். இன்னொருவர் 'கோப்படை' என்று புதிதாக ஒன்று செய்கிறார். எல்லாம் நல்ல தமிழே. ஆனால் பிழைச்செய்தியைப் படிப்பவர் இடர்ப்பட்டு நிற்பவர். அவர் அகரமுதலி புரட்டும் நிலையில் இல்லை. முதல்வரியில் 'அடைவு' என்றும் மூன்றாம் வரியில் 'கோப்புறை' என்றும் கண்டால் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்றே எண்ணுவார். ஒரு பொருளுக்கு ஒரு சொல்; அச்சொல்லும் அவர் பள்ளியில் பயின்ற சொல்லாகவே இருத்தல் நன்று. சொல்லின் தூய்மை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அதன் நிலைபேறு. விதைத்தால்தான் விதை, குதிரில் கிடந்தால் அது வெறும் மணி.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி இவ்வகையில் நல்ல முன்னோடி. 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'முடி' போன்ற எளிய சொற்களையே அது கட்டளைகளாகக் கொண்டது. சிறுபிள்ளைக்கும் தெரிந்த சொற்கள் அவை.

செய்யத்தக்கன

பாடநூலைத் திருத்துவோர் இனிவரும் பதிப்பில் ஒரு பின்னிணைப்பைச் சேர்க்கலாம். மாணவர் நாள்தோறும் காணும் ஆங்கிலப் பிழைச்செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருளும் கரணியமும் தீர்வும் தரின், பாடத்துக்கும் பொறிக்கும் இடையிலுள்ள பள்ளத்தின்மேல் ஒரு பாலம் அமையும். இதற்குப் பெருஞ்செலவில்லை. ஆசிரியர் மதிப்பெண் இடும்போது, நிரல் சரியான விடை தருகிறதா என்பதோடு, தவறான உள்ளீடு தந்தால் எப்படி மறுக்கிறது என்பதையும் பார்க்கலாம். ஒழுங்காக மறுக்கக் கற்ற மாணவர் ஒழுங்கான நிரலர் ஆவர்.

தமிழ்நாட்டு நிரலர்கள் தம் நிரல்களின் செய்திகளை முதலில் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். தாய்மொழியில் எழுதும்போது பொய்ம்மொழி நிலைக்காது. 'செல்லாத உள்ளீடு' என்று தமிழில் எழுதியவுடன் "எதனால் செல்லாது?" என்று உள்ளமே கேட்கும். அவ்வினாவுக்கு விடை எழுதினால் நல்ல செய்தி பிறக்கும்; பின்னர் அதனை ஆங்கிலமாக்குவதில் தடையென்ன? தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சிற்றூர்ச் சூழலில் மென்பொருள் ஆக்கி வருகிறது. மென்பொருள் பெருநகரில்தான் விளையும் என்னும் மயக்கம் இம்மாவட்டத்திலேயே உடைந்துவிட்டது. வயலும் மலையும் சூழ்ந்த இடத்தில் நிரல் விளையுமாயின், அந்நிரல் அவ்வயலின் மொழியில் பேசுவதற்கு மட்டும் என்ன தடை?

எழுதிய செய்தியை ஆய்ந்து பார்க்க அறிஞர் குழு வேண்டுவதில்லை. தமிழ் வழியில் பயிலும் ஒரு மாணவியை அழைத்து, வேண்டுமென்றே பிழை செய்யச் சொல்லி, திரையில் வரும் செய்தியைப் படிக்கச் செய்க. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அவளே சொல்லிவிட்டால் செய்தி தேறியது. அவள் தலைநிமிர்ந்து பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால் செய்தி தோற்றது, தோற்றது அவளன்று.

பொறி மறுக்கட்டும், அதற்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் மறுப்பதற்குரிய கரணியத்தையும் கடந்து செல்லும் வழியையும் அது கூறவேண்டும்; இராயகிரிப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் கூறவேண்டும். கூறச் செய்வது தமிழறிந்த நிரலர் ஒவ்வொருவரின் கடமை. கூறும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது தமிழ் மக்களின் உரிமை.